கஞ்சி குடித்த ஆலமரம்

நான் மர வைத்தியன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாற்பத்திரண்டாயிரம் பேர் நான் வைத்தியன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். என் பெயர் சிவபாலன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்கிறேன். 'காஞ்சி போன்சாய் சிவா' என்று ஒரு சேனல் வைத்திருந்தேன். தட்டையான தொட்டியில் வளர்க்கும் குட்டி மரங்களுக்கு எந்த நோய் வந்தாலும் அதில் மருந்து சொல்வேன். உனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்த அளவுக்கு என் மேல் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

ஊரடங்கில் ஆரம்பித்தது இது. பட்டு நூல் வரவில்லை, தறி சும்மா கிடந்தது. அதற்கு முந்தின மாதம்தான் சென்னையில் ஒரு கண்காட்சியில் ஆசைப்பட்டு ஒரு போன்சாய் மரம் வாங்கி வந்திருந்தேன். பொழுது போகாமல் அதைப் பற்றி மற்றவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே திருப்பிச் சொல்லி நானும் போட்டேன். பத்து பேர் பார்த்தார்கள். அதில் நான்கு பேர் என் மச்சான் வீட்டார்.

என் மனைவி சங்கீதாதான் சொன்னாள். "ஊரே சொல்றத நீயும் சொல்லிக்கினு இருந்தா எவன்யா பார்ப்பான்? உனுக்குன்னு தெரிஞ்சது ஏதாவது சொல்லு."

எனக்கென்று தெரிந்தது நெசவுதான். யோசித்தேன். காலையில் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவோம். தொய்ந்து கிடக்கும் நூல் கஞ்சி குடித்து வெயிலில் காய்ந்ததும் விறைப்பாகிவிடும். நூலுக்குத் தெம்பு கொடுக்கிற கஞ்சி மரத்துக்குக் கொடுக்காதா? 'காஞ்சிபுரம் நெசவாளர்களின் பரம்பரை ரகசியம்' என்று தலைப்பு வைத்தேன். எங்கள் பரம்பரையில் ஒருவரும் எந்தச் செடிக்கும் கஞ்சி ஊற்றியதில்லை. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்த வீடியோவுக்காகவே என்னைச் செருப்பால் அடித்திருப்பார். ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

கஞ்சி குடித்த என் மரம் இலை உதிர்த்தது. மண்ணில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. எறும்பு வந்தது. நான் விடவில்லை. எங்கோ எவனோ சொன்னதை நம்பி வேரில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினேன், மண்ணை முழுக்கக் கழுவினேன், மறுபடி கஞ்சி ஊற்றி, பிளாஸ்டிக் கவரால் மூடி இருட்டில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் 'நாள் 1', 'நாள் 2' என்று வீடியோ. இருபதாம் நாள் மரம் கறுத்துவிட்டது. ஆனால் கீழே ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணா மரம் எப்படி இருக்குது, அண்ணா தளிர் விட்டுச்சா.

சென்னைச் சாலையில் ஒரு நர்சரிக்குப் போய் அதே உயரத்தில் இன்னொன்று வாங்கி வந்தேன். அதே தொட்டியில் நட்டேன். 'நாள் 40 - செத்த மரம் பிழைத்தது!'

ஒரு பாவு முடிந்தால் அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுவோம். தறி நிற்காமல் ஓடும். புடவையைப் பார்க்கிறவர்களுக்குப் பிணைத்த இடம் தெரியவே தெரியாது. வீடியோவிலும் அப்படித்தான் செய்தேன். பிணைப்பு தெரியாமல் செய்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

"பாவம்யா, ஜனங்க நம்புதுங்க," என்றாள் சங்கீதா.

"மரம்தானே. மனுசனா?" என்றேன்.

போன சித்திரையில் பிராமி அம்மாவின் முதல் குரல் செய்தி வந்தது. குரல் செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது என் வழக்கம். ஒரு நாளைக்கு நாற்பது வரும், நெய்துகொண்டே கேட்பேன். ஓரிக்கை தாண்டி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மகன் வளர்த்த ஆலமரம், தொட்டியில் இருப்பது, இலை மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவுதான் என் காதில் விழுந்தது. நான் பதில்கூடச் சொல்லவில்லை, நாற்பது நாள் வீடியோவை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மா எழுதிக் கேட்டார். "தம்பி, வேரை வெட்டித்தான் ஆகணுமா? நாங்க ஜைனருங்க. எங்க வீட்ல கெழங்குகூட சமைக்க மாட்டோம். மண்ணுக்குள்ள இருக்குறத புடுங்குனா அதோட எவ்ளோ உசுரு போவுமோன்னு. வெட்டாம வேற வழி இருக்குதா?"

நான் அடித்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. 'சென்டிமென்ட் பார்த்தால் மரம் பிழைக்காது அம்மா. மூன்றில் இரண்டு பங்கு. தைரியமாக வெட்டுங்கள்.' கூடவே ஒரு குட்டி மரப் படமும் அனுப்பியிருந்தேன்.

வெட்டினார். "இன்னிக்கு உபவாசம் இருந்து செஞ்சேன் தம்பி. மன்னிப்பு கேட்டுக்கினுதான் கத்தரிய எடுத்தேன்," என்று செய்தி வந்தது. நான் கட்டைவிரலை உயர்த்தும் படத்தைப் போட்டேன்.

கஞ்சிக்கு எறும்பு வந்தது. எறும்புப் பொடி போடுங்கள் என்றேன். போடமாட்டேன் என்றார். மயில்பீலியால் ஒவ்வொரு எறும்பாக ஒதுக்கி, பூவரச இலையில் ஏற்றி, வேலி ஓரமாகக் கொண்டுபோய் விட்டு வந்தார். மறுநாளும் கஞ்சி, மறுநாளும் எறும்பு, மறுநாளும் இலை. அதைச் சின்னதாக வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார், நான் சந்தோஷப்படுவேன் என்று. சங்கீதாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் நாள் எண்ணிக்கை. என்னைப் பார்த்துத்தான் அந்த அம்மாவும் எண்ணினார். கவர் போட்டு மூடிய மரத்தின் படம், கீழே 'நாள் 22'. 'நாள் 35'. 'நாள் 40'. அதற்கடுத்த நாள், "நாள் 41 தம்பி. உங்க மரம் நாப்பதாம் நாளே தளிர் விட்டுச்சே. எங்குளுது இன்னும் விடல. நான் கை தப்பா ஏதாவது செஞ்சிட்டேனா?"

பதில் சொல்லாமல் விட்டேன். ஐம்பதாவது நாள் ஒரு குரல் செய்தி வந்தது. அன்று நான் வெளியே போயிருந்தேன், போன் வீட்டில் கிடந்தது. சங்கீதா எடுத்துக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு வேகத்தைக் கூட்டத் தெரியாது. பழைய செய்திகளையும் முதலிலிருந்து, அந்த அம்மா பேசிய வேகத்திலேயே கேட்டிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"செத்துப்போன புள்ளையோட மரமாம்யா. மொத மொத அனுப்புனதுலயே சொல்லிக்கிறாங்க. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல வண்டி மோதி. இருவத்தினாலு வயசாம். நீ கேட்டியா, கேக்கலியா?"

கேட்டிருந்தேன், இரண்டு மடங்கு வேகத்தில்.

"நேர்ல போ. போய் உண்மையச் சொல்லிட்டு வா," என்றாள்.

மறுநாள் தறியை நிறுத்திவிட்டுப் போனேன். ஆற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டியதை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்கும் நன்றாகத்தான் இருந்தன.

பிராமி அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து கைகூப்பினார். "வீடியோவுல பாக்குறாமாதிரியே இருக்கீங்க," என்றார். கணவர் மகாவீரன் கழனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. பேச்சு அதிகம் இல்லாத மனிதர். கூடத்துச் சுவரில் மகனின் படம், மாலை போட்டிருந்தது. பெயர் ஆதீஷ். பக்கத்தில் அவன் பள்ளிக்கூட அணியோடு நிற்கும் இன்னொரு படம். இடது கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே ஒரு மணை, அதன் மேல் என்னுடைய வைத்தியம். பிளாஸ்டிக் கவர், சணல் கயிறு, எல்லாம் நான் சொன்னபடி.

"மாடித் தண்ணித் தொட்டி வெடிப்புல மொளைச்சது தம்பி," என்றார் அம்மா. "இவரு புடுங்கிப் போட போனாரு. எட்டாவது படிச்சிக்கினு இருந்தான். போய் குறுக்க நின்னுக்கினான். பதினோரு வருசம் மாடியிலயே வெச்சி வளர்த்தான். அவன் போனப்புறம் தனியா ஏன் மாடியில கெடக்கணும்னு நான்தான் உள்ள எடுத்தாந்து அவன்கிட்ட வெச்சேன்."

கவரை அவிழ்த்தார். ஒரு சாண் உயரம் இருக்கும். இலை ஒன்றும் இல்லை. அடிமரத்தில் ஒரு தழும்பு, பாம்பு சுற்றினாற்போல் மேலே ஏறிப் போயிற்று. அம்மா அதில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். பார்க்காமலே விரல் போயிற்று, தினமும் தடவுகிற கை.

"கம்பி சுத்தி வெச்சான், மரம் வளையறதுக்கு. பத்தாவது பரீட்சை வந்துச்சா, கழட்ட மறந்துட்டான். கம்பி உள்ள எறங்கிடுச்சு. அஞ்சு சுத்து. எவ்ளோ அழுதான் தெரியுமா, மரத்துக்கு வலிக்குமேன்னு."

நான் நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும், அது எனக்கே தெரியும். காய்ந்த தவிடு நிறம். இன்னும் கீழே சுரண்டினேன். அங்கேயும் அதே நிறம்.

"உசுரு இருக்குதா தம்பி?"

மகாவீரன் மரத்தைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

"இருக்குதும்மா," என்றேன். "ரொம்ப உள்ள இருக்குது. இங்க வெச்சா சரியாவாது. நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போய் வைத்தியம் பார்த்துத் தரேன். ரெண்டு மாசம் டைம் குடுங்க."

என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டார். வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, பாசிப்பருப்பும் சுரைக்காயும். மகாவீரன் தன் துண்டாலேயே தொட்டியை என் வண்டியில் கட்டினார். வண்டி கிளம்பியதும் தொட்டியில் ஒரு கை வைத்தபடி கூடவே பத்தடி நடந்து வந்தார்.

அடுத்த ஒரு மாதம் நான் நர்சரி நர்சரியாக அலைந்தேன். அம்மா முன்பு அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு, இதே பருமன், இதே வளைவு என்று கேட்டேன். வாலாஜாபாத் பக்கம் ஒரு நர்சரிக்காரர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது வூட்டுக்குள்ள வெச்சிருந்ததுபா. வெயிலே படல. அதான் எல கொட்டிக்கீது," என்றார்.

"வைத்தியம் என்ன?"

"இதுக்கு இன்னா வைத்தியம்? மாடியில தூக்கி வெச்சிருந்தா பத்து பாஞ்சு நாள்ல தானா தளிர் விட்டிருக்கும். ஆலமரம்பா, சொவத்துலயே மொளைக்குது." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஏன், செத்துடுச்சா?"

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும்," என்றேன். அவரிடமே ஒரு மரம் கிடைத்தது. முக்கால்வாசி ஒத்துப்போயிற்று. மீதியை வெட்டிச் சரிசெய்துகொண்டேன். தழும்பு மட்டும்தான் இல்லை. கத்தி முனையால் நானே போட்டேன். செப்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, அதன் ஓரமாகவே கீறினேன். ஐந்து சுற்று, எண்ணித்தான் போட்டேன். எண்ணுகிற தொழில் என்னுடையது, ஒரு இழைகூடத் தவறவிடமாட்டேன். புண் ஆறி நிறம் மாறும்வரை மாடி வெயிலில் வைத்திருந்தேன். மகனுடைய தொட்டியில் நட்டு, மண்ணுக்கு மேலே அவன் போட்டிருந்த கூழாங்கற்களையும் கழுவிப் பரப்பினேன்.

சங்கீதா மாடிக்கு வந்து பார்த்தாள்.

"திரும்பியுமா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு வாரம் சோறு போடுவாள், பேசமாட்டாள்.

காய்ந்த மரம் மாடி மூலையில் கிடந்தது. துணி காயப் போடப் போனாலும் அது கண்ணில் பட்டது. ஒரு நாள் காலை குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தபோது, அதை எடுத்து வாளியில் போட்டேன். நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாக உடைத்துப் போட்டேன்.

ஆவணியில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் புது மரத்தை எடுத்துக்கொண்டு போனேன். போனிலேயே சொல்லியிருந்தேன், தளிர் விட்டுவிட்டது என்று. அம்மா கோலம் போட்டு வைத்திருந்தார். மகாவீரன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தொட்டியை மணையின் மேல் வைத்ததும் அந்த மனிதர் அழுதுவிட்டார். தோள் குலுங்க, சத்தமே இல்லாமல். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "தளிரு. தளிர பாரு பிராமி," என்றார்.

அந்த ஒரு நிமிடம் நான் செய்தது சரி என்றே நினைத்தேன். பொய் என்றால் என்ன, இரண்டு பேர் நிம்மதியாக இருக்கிறார்கள் அல்லவா? என்னையே நான் மன்னித்துக்கூட விட்டேன்.

அம்மா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். தளிரைத் தொட்டார். அப்புறம் வழக்கம்போல அடிமரத் தழும்பில் விரலை வைத்தார். விரல் ஒரு பக்கமாகப் போகப் பார்த்தது, அங்கே பள்ளம் இல்லை. நின்றது. மறுபடி கீழே வந்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் நின்றது. அப்புறம் குனிந்து கண்ணால் பார்த்தார்.

"தம்பி, இது நீங்க போட்டதா?"

"எதும்மா?"

"எம் புள்ள எடது கைக்காரன்." குரலில் கோபமே இல்லை. எனக்குப் புரியவைக்கிறமாதிரி சொன்னார். "எதச் சுத்துனாலும் இந்தாண்டயிலேர்ந்து இப்படித்தான் சுத்துவான். காத்தாடி நூலு, கயிறு, எல்லாம். இது அந்தாண்டயிலேர்ந்து சுத்திக்குது. வேற யாரோ கை."

சுவரில் இடது கையில் மட்டையோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை வந்து பார்த்த படம். ஐந்து சுற்றை எண்ணினேன், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

"எங்க மரம் செத்துடுச்சா?"

"ஆமாம்மா." இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "நான் அன்னிக்கு வந்தப்பவே செத்துதான் இருந்துச்சு. என் மரமும் பொழைக்கலம்மா. வீடியோவுல இருக்குறது ரெண்டு மரம். மொதல்ல இருந்தது செத்துப்போச்சு, இன்னொண்ணு வாங்கியாந்து வெச்சேன். கஞ்சி, வேர் வெட்டுறது எதுவுமே எனக்குத் தெரியாதும்மா. உங்க மரத்துக்கு ஒண்ணுமே இல்ல. மாடியில வெச்சிருந்தாவே போதும். நீங்க எந்தத் தப்பும் செய்யல. நான்தான்."

அந்த அம்மா என்னை அடித்திருக்கலாம். அதற்காகவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சரி," என்றார். "நடந்தது நடந்துபோச்சு. எங்குளுத குடுத்துடுங்க. காஞ்ச கட்டையா இருந்தாலும் பரவால்ல. அவன் கை பட்டது."

நான் நிமிரவில்லை.

"தம்பி?"

"இல்லம்மா. குப்பையில போட்டுட்டேன்."

மகாவீரன் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். "எந்தக் குப்பையில?" என்று கேட்டார். "என்னிக்கு?"

"மாநகராட்சி வண்டியில. பதினெட்டு நாள் ஆச்சுங்கய்யா."

அம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். மகாவீரன் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்து வந்தார். நான் முன்னால் போனேன், அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

குப்பைக் கிடங்கில் வேலை செய்கிற ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "பதினெட்டு நாளுதுங்களா? அது எங்கியோ அடியில பூட்டிருக்கும்," என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு பக்கமாகக் கை காட்டினார்.

தேடினோம். நான் கையாலேயே கிளறினேன். ஒரு கண்ணாடித் துண்டு கிழித்தது, கிழிக்கட்டும் என்றிருந்தது. மகாவீரன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தரம் புரட்டும்போதும் அடியில் நெளியும் புழுவைப் பார்த்து, அது நகர்ந்துபோகும்வரை காத்திருந்தார். அப்படித் தேடினால் பத்து வருடம் ஆகும். ஆனாலும் அவர் அப்படித்தான் தேடினார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கிடைத்த மரத்துண்டை எல்லாம் தூக்கித் தடவிப் பார்த்தார். முருங்கைக் கிளை. உடைந்த நாற்காலிக் கால். தென்னை மட்டை. ஒவ்வொன்றையும் தடவிவிட்டு, ஒழுங்காகக் கீழே வைத்தார்.

வெயில் சாய்ந்தது. பொழுது இறங்கிவிட்டால் அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அம்மாவே சொல்லியிருந்தார்.

"பொழுது போவுதும்மா," என்றேன். "வீட்டுக்குப் போங்க. நான் இருந்து தேடுறேன். நீங்க சாப்பிடணும்."

"இன்னும் வெளிச்சம் இருக்குது," என்றார்.

வெளிச்சமும் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. அம்மா குப்பை மேட்டின் ஓரத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அவனயாவது நாங்க ரெண்டு பேரும் கூட இருந்து அனுப்புனோம்."

அதற்கப்புறம் அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வண்டியைக் கிளப்புமுன் மகாவீரன்தான் என்னருகில் வந்தார். "தொட்டி எங்க புள்ளையுது. அதுல இருக்குற மரத்த எடுத்துக்கினு, தொட்டிய மட்டும் குடுத்துடு தம்பி," என்றார்.

மறுநாள் காலையில் போனேன். அவரே தொட்டியை வெளியே எடுத்து வந்தார். வாசலில் உட்கார்ந்து, வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு மரத்தைத் தூக்கி, நான் கொண்டுபோன பிளாஸ்டிக் வாளியில் வைத்தேன். அவ்வளவு மெதுவாக நான் எந்த மரத்தையும் தொட்டதில்லை. தொட்டியைக் கழுவிக் கொடுத்தேன். அவர் அதை உள்ளே கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே வெறும் தொட்டியாகவே வைத்தார். அம்மா வெளியே வரவில்லை.

நடந்ததை எல்லாம் சொல்லி ஒரு வீடியோ போட்டேன். பெயர் ஊர் சொல்லவில்லை. 'அண்ணா செம நடிப்பு', 'கண்ணுல தண்ணி வந்துருச்சு, பார்ட் டூ எப்போ' என்று கீழே வந்தது. ஒருவர் தன் மரத்தின் படத்தைப் போட்டு, எத்தனை டம்ளர் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். ஊற்றாதே என்று அவருக்கு எழுதினேன். அவர் நம்பவில்லை, அப்படியானால் அந்த நாற்பது நாள் வீடியோ பொய்யா என்று சண்டைக்கு வந்தார். ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சேனலை மூடினேன். சங்கீதா அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருக்கிறாள்.

அந்த மரம் என் மாடியில்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் வாளியில், நல்ல வெயிலில். அதற்கு ஒரு குறையும் இல்லை. வாரத்துக்கு ஒரு தளிர் விடுகிறது. அது செழிக்கச் செழிக்க எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. என் கத்தி போட்ட தழும்பு அதனோடு சேர்ந்து தடித்துக்கொண்டே வருகிறது. தூக்கிப் போட மனம் இல்லை, யாருக்காவது கொடுக்கவும் மனம் வரவில்லை. தினமும் காலையில் மாடி ஏறித் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு, ஒரு நாள் தறியில் உட்கார்ந்திருக்கும்போது போன் ஒலித்தது. பிராமி அம்மாவிடமிருந்து குரல் செய்தி. ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தேன். வேகத்தைக் கூட்டவில்லை. அவர் பேசிய வேகத்திலேயே, முதலிலிருந்து கேட்டேன். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொள்வது கேட்டது. அப்புறம் பேசினார்.

"தம்பி. அந்த மரம் இருக்குதா? அதுவும் ஒரு உசுருதானே, கேக்கணும்னு தோணுச்சு. மழ நின்னதும் வெயில்ல எடுத்து வையுங்க. வெறும் தண்ணி மட்டும் ஊத்துங்க. கஞ்சி ஊத்திடாதீங்க."